பெட்வேயின் பதினோரு பக்கங்கள்

கார்விக் சிறையில் லெமுவேல் பெட்வேயை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் வக்கீலுக்குப் படித்தவரல்ல, ஆயுள் தண்டனைக்காரர். பத்தொன்பது வருஷமாகச் சிறையின் சட்ட நூலகத்தில் குமாஸ்தா வேலை. அந்தப் பத்தொன்பது வருஷத்தில், தன் சிவில் உரிமைகள் பறிபோய்விட்டன என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் பதினான்கு வழக்குகள் போட்டிருந்தார். காலை ஓட்ஸ் கஞ்சி ஆறிப்போய் வருவது பற்றி ஒன்று. நூலகக் கடிகாரம் ஏழு நிமிஷம் மெதுவாக ஓடுவது பற்றி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை புட்டிங் கிண்ணத்தின் ஆழம் பற்றி, அளவு குறித்த படத்துடன், ஒன்று. பதினான்கும் வாசலோடு திரும்பிவிட்டன. கடைசியில் நீதிமன்றமே சலித்துப்போய், இந்த ஆள் முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டினாலொழிய இவர் மனுவைத் தொடாதீர்கள் என்று ஓர் உத்தரவு போட்டது. அவர் பெயருக்கு வந்த உத்தரவுகளில் அதுதான் நீளமானது. அதை ஒரு கண்ணாடித்தாள் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ரூஃபஸ் ஹெம் நூலகத்துக்கு வந்தான். முப்பத்துநாலு வயசு. அதிகம் பேசமாட்டான். கையில் ஒரு நீளமான உறை. நீதிமன்றத் தபாலைக் காவலர் கைதியின் எதிரிலேயே பிரித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது வழக்கம். ஆகவே உறையின் வாய் ஏற்கெனவே கிழிந்திருந்தது.

"வக்கீலய்யா, இதக் கொஞ்சம் பாருங்க. நான் ஜெயிச்சிருக்கேனா தோத்திருக்கேனா?"

பெட்வே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதல் சொல்லத் தயாரானார். ஆறுதல் சொல்வதில் அவருக்குப் பதினான்கு தடவை பயிற்சி இருந்தது. முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

வழக்கு ஏற்கப்பட்டிருந்தது. அதோடு விடவில்லை. மனுதாரருக்காக வாதாட நகரத்துப் பெரிய அலுவலகம் ஒன்றிலிருந்து இலவச வழக்கறிஞரையும் நீதிபதி நியமித்திருந்தார். அதையாவது பெட்வே பொறுத்துக்கொண்டிருப்பார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் நீதிபதி இப்படி எழுதியிருந்தார்: "மனுதாரரின் சொற்களிலேயே சொல்வதானால்: 'நான் விழுவேன் என்று சொன்னேன். விழாதே என்றார்கள்.' இதைவிடத் தெளிவாக இந்த வழக்கை எடுத்துரைக்க இயலாது."

பெட்வே அந்த வரியை மூன்று தடவை படித்தார். அவருடைய பதினான்கு வழக்குகளும் சேர்ந்து நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் லத்தீன் இருந்தது. அடிக்குறிப்பு இருந்தது. அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பும் இருந்தது. அதிலிருந்து ஒரு நீதிபதியும் ஒரு கால்புள்ளியைக்கூட எடுத்தாண்டதில்லை.

"சொல்லுங்கய்யா. தோத்துட்டனா?"

"இல்லை" என்றார் பெட்வே. "நடக்கும். கேஸ் நடக்கும்."

ரூஃபஸ் தலையை ஆட்டினான். குதிக்கவில்லை, கத்தவில்லை. "அப்ப கீழ்ப்படுக்கை குடுப்பாங்களா?"

அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ரூஃபஸுக்கு வலிப்பு வரும். இரண்டடுக்குக் கட்டிலில் கீழே படுக்க மருத்துவப் பிரிவு வருஷா வருஷம் சீட்டு கொடுக்கும். இந்தத் தடவை சீட்டின் கெடு முடிந்தது, புதுச் சீட்டு வரவில்லை. காவலர் அவனை மேலே ஏற்றினார். பிப்ரவரியில் ஒரு விடியற்காலை அவன் மேலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தான். வலப்பக்கக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு கூடுகிறவரை ஆறு வாரம் கீழே படுக்க விட்டார்கள். கூடியதும் மறுபடி மேலே. இப்போது தினமும் படுக்கும்போது போர்வையை முறுக்கி இடுப்பைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறான்.

பெட்வேக்கு அந்த எலும்பின் மேலேயே ஒரு கண் இருந்தது. உடம்பில் காயம் படாத கைதி வெறும் மனவேதனைக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பது சட்டம். பதினான்கு வழக்கிலும் அவருக்கு நேர்ந்தது மனவேதனை மட்டுமே. பத்தொன்பது வருஷத்தில் ஒரு விரல் சுளுக்கியதில்லை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று இரண்டாகத் தெரியும் ஓர் எலும்பு தன்னிடம் இருந்திருந்தால் அதை வைத்து உச்ச நீதிமன்றம் வரை போயிருப்பார். அது போய், வாதிக்கும் பிரதிவாதிக்கும் வித்தியாசம் தெரியாதவன் தோளில் வாய்த்திருந்தது.

அன்று சாப்பாட்டு வரிசையில் அறைத்தோழன் டூலி ஆரம்பித்தான். டூலி கார் திருடன். வாய் சும்மா இருக்காது.

"என்ன வக்கீலே, மூஞ்சி வெந்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு? ரூஃபஸ் பயலுக்குக் கேஸ் எடுத்துட்டாங்களாமே."

"அதிர்ஷ்டம்."

"ஒன்றரைப் பக்கமாம். பென்சில்லயாம்."

"தெரியும்."

"அதுவும் இடது கையால."

"இடது கையால எழுதினா எவனும் சுருக்கமாத்தான் எழுதுவான், டூலி. அது தெறமை இல்ல. எலும்பு முறிவு."

"அப்ப நீயும் ஒண்ண ஒடைச்சுக்க வேண்டியதுதானே. நான் வேணா உதவி பண்றேன். கதவுல கைய வையி."

பெட்வே தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். கதவு விஷயத்தை ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார் என்பதுதான் அவருக்கு எரிச்சல்.

அவருக்கு மட்டும் தெரிந்த இன்னொரு விஷயமும் இருந்தது.

கைதி நீதிமன்றத்துக்குப் போகுமுன் சிறைக்குள்ளேயே புகார்த்தாள் எழுதிப் பெட்டியில் போட்டாக வேண்டும். அதை ஒழுங்காக முடிக்காதவன் வழக்கு நிற்காது. ரூஃபஸ் விழுந்த மறுநாள், வலது கையைக் கழுத்துக் கட்டுத்துணியில் தொங்கவிட்டுக்கொண்டு நூலகத்துக்கு வந்தான். புகார்த்தாளில் எழுத எட்டு கோடு இருக்கும்.

"ரெண்டு வரி எழுதிக் குடுங்கய்யா, போதும்" என்றான்.

"ரெண்டு வரியா? இது என்ன, கடைக்காரனுக்கு எழுதற சீட்டா?" என்றார் பெட்வே. "இது உன் அரசியல் சாசன உரிமை, தம்பி. நீ கையெழுத்த மட்டும் போடு. மத்தத என்கிட்ட விடு."

நூலகத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும்படி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் செய்த தட்டச்சுப் பொறி ஒன்று உண்டு. எதையும் ஒளித்து வைக்கக்கூடாதென்று சிறைக்காகவே அப்படிச் செய்கிறார்கள். பெட்வே அதன் முன் இரண்டு நாள் உட்கார்ந்தார். எழுநூறு, எண்ணூறு வருஷத்துக்கு முன்பு குடிகளுக்கு உரிமைச் சாசனம் கொடுத்த இங்கிலாந்து மன்னர் ஜானில் ஆரம்பித்து, மூன்று நூற்றாண்டுகளை ஒரே பத்தியில் தாண்டி, ஒன்பதாம் பக்கத்தில் கட்டிலுக்கு வந்து சேர்ந்தார். பதினோரு பக்கம். புகார்த்தாளில் பதில் அனுப்ப வேண்டிய இடம் என்ற கட்டத்தில் "சட்ட நூலகம்" என்று அடித்துப் பெட்டியில் போட்டார்.

மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் சீட்டு: "இணைப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்து நாளுக்குள் சுருக்கித் திரும்பக் கொடுக்கவும்."

அதை ரூஃபஸிடம் கொடுத்திருக்கலாம். எட்டு கோட்டில் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கலாம். கால் மணி நேர வேலை. பெட்வே அந்த மஞ்சள் சீட்டை நான்காக மடித்து மெத்தைக்கு அடியில் வைத்தார். இரண்டு பக்கக் கட்டுப்பாடே சட்டவிரோதம் என்று நிரூபித்துப் பதில் எழுத உட்கார்ந்தார். பதில் இருபத்தாறு பக்கம் வளர்ந்தது. ஆறு வாரம் ஆனது. ஐந்து நாள் கெடு அதன் முதல் பக்கத்திலேயே முடிந்துபோயிருந்தது.

"ஒண்ணும் வரலையாய்யா?" என்று ரூஃபஸ் தினமும் வந்து கேட்டான்.

"வரலை தம்பி. அவங்க அப்படித்தான், இழுத்தடிப்பாங்க."

கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ரூஃபஸ் ஒரு நாள் இடது கையால் பென்சிலைப் பிடித்து நேராக ஃபெடரல் நீதிமன்றத்துக்கே எழுதிவிட்டான். பெட்வேயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குத்தான் இந்த உத்தரவு.

ஆகஸ்டில் நகரத்திலிருந்து இலவச வழக்கறிஞர் வந்தார். மிஸ் கோவால்சிக். இருபத்தெட்டு வயசு இருக்கும். பார்வையாளர் அறையில் ரூஃபஸோடு இரண்டு மணி நேரம் பேசினார். நூலக ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த அறைக் கதவு தெரியும். பெட்வே அன்று ஜன்னலோர அலமாரியைத் துடைத்தார். இரண்டு மணி நேரம் துடைத்தார். வெளியே வந்தபோது அந்தப் பெண் ரூஃபஸிடம் கை கொடுத்தார். பதினான்கு வழக்குக்கும் யாரும் பெட்வேக்குக் கை கொடுத்ததில்லை. கொடுக்க ஆள் வந்தால்தானே.

செப்டம்பரில் அரசுத் தரப்பு பதில் போட்டது. ரூஃபஸ் தாள்களோடு வந்து எதிரில் உட்கார்ந்தான்.

"புகாரத் திருப்பி அனுப்பினாங்களாம். சுருக்கிக் குடுக்கச் சொன்னாங்களாம். நான் குடுக்கலையாம். அதனால கேஸத் தள்ளணுமாம்." தாளைப் பெட்வே பக்கம் தள்ளினான். "எனக்கு ஒண்ணும் வரலையே?"

பெட்வே தாளைப் பார்த்தபடியே பேசினார். "அரசாங்கம் சொல்லும். ஆயிரம் சொல்லும்."

"வக்கீலம்மா கேட்டாங்க, பதினோரு பக்கம் யார் எழுதிக் குடுத்ததுன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சொல்லலை. நீங்க அனுமதி இல்லாம அடுத்தவனுக்கு எழுதிக் குடுத்தது தெரிஞ்சா லைப்ரரி வேலை போயிடும்ல. எனக்கு உதவி பண்ணப்போய் உங்களுக்கு ஏன் கஷ்டம்?"

"அதனால கேஸே போயிட்டா?"

"போனா போர்வையால கட்டிக்கிட்டுப் படுக்கறேன். பழகிடுச்சு."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். பெட்வேக்கு ஆத்திரமாக வந்தது. எலும்பு இவனுக்கு, வரி இவனுக்கு, வழக்கறிஞர் இவனுக்கு. போகட்டும். கூடவே பெருந்தன்மையும் இவனுக்கேவா? தனக்குள்ளும் அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று அன்று மாலை வரை தேடிப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் புட்டிங் கிண்ணத்தின் அளவுகள்.

அடுத்த வாரம் அவருக்கே அழைப்பு வந்தது. நிர்வாக அறையில் அரசு வழக்கறிஞர் டன்லப் உட்கார்ந்திருந்தார். வெள்ளிக் கண்ணாடி, மெல்லிய குரல்.

"பெட்வே, நூலகத்துக்கு வர்ற பேப்பரெல்லாம் உரிய ஆளுக்குக் குடுத்துடுவீங்க இல்ல?"

"அதான் வழக்கம், சார்."

"அன்னிக்கே?"

"அன்னிக்கே. வழக்கமா."

"அத ஒரு வாக்குமூலமா எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா?"

பெட்வே அதை நான்கு பக்கம் எழுதினார். டன்லப் அதில் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடித்தார். "என்னிடம் வரும் தாள்களை உரியவரிடம் அன்றே சேர்ப்பது என் வழக்கம்." பொய் இல்லை என்று பெட்வே தனக்குள் வாதாடினார். வழக்கம் என்றுதானே இருக்கிறது. வழக்கத்துக்கு ஒரு விதிவிலக்கு இருக்கக் கூடாதா?

"நீங்க நேர்ல வந்து சொல்ல வேண்டியிருக்கும்" என்றார் டன்லப்.

"எங்க?"

"ஃபெடரல் கோர்ட்ல."

பெட்வேக்கு நாற்காலி ஒரு அங்குலம் உயர்ந்தாற்போல இருந்தது. பத்தொன்பது வருஷம் கடிதம் எழுதிய வீட்டுக்கு முதல் தடவையாகக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டது எதிர்த்தரப்பு என்பது அப்போது ஒரு பெரிய குறையாகத் தெரியவில்லை.

அக்டோபர் ஒன்பதாம் தேதி சிறை வேன் அவரையும் ரூஃபஸையும் நகரத்துக்குக் கொண்டுபோனது. நீதிமன்றத்தில் முதலில் ரூஃபஸ் சாட்சி சொன்னான். பெட்வேயைப் பக்கத்துக் கம்பியறையில் வைத்திருந்தார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு கைவிலங்கை மட்டும் கழற்றி அழைத்துப் போனார்கள். உயரமான கூரை. தேக்கு நிறத்தில் மரச்சுவர். நீதிபதி ஹார்க்னஸ் என்று உத்தரவுகளில் கீழே கையெழுத்தாக மட்டும் தெரிந்த அம்மாள், நரைத்த முடியோடு, சளி பிடித்த மூக்கோடு, நிஜமாக உட்கார்ந்திருந்தார். தன் புட்டிங் வழக்கைத் தள்ளியவர் இவர்தான் என்று பெட்வே அடையாளம் கண்டுகொண்டார். நீதிபதி அவரை அடையாளம் காணவில்லை.

ரூஃபஸ் ஒரு மேஜையருகே மிஸ் கோவால்சிக்கின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தார்கள்.

டன்லப் வாக்குமூல வரியைப் படித்தார். பெட்வே ஆமென்றார். டன்லப் அதோடு உட்கார்ந்திருக்கலாம். அவரும் ஒரு வக்கீல்தான், நிறுத்தத் தெரியவில்லை. பதினோரு பக்கத்தையும் கையில் எடுத்தார்.

"நீங்க எத்தனையோ கைதிங்க மனுவைப் பாத்திருக்கீங்க. இத எழுதினவருக்குச் சட்டம் தெரியுமா?"

"தெரியும்" என்றார் பெட்வே. அடக்கிக்கொள்ள முடியவில்லை. "நல்லாவே தெரியும்."

"விதிமுறை? கெடு?"

"எல்லாம் தெரியும். ஆறாம் பக்கத்துல பாருங்க, கெடு பத்தியே ஒரு பத்தி இருக்கு."

"பாத்தீங்களா, யுவர் ஆனர்?" டன்லப் நீதிபதி பக்கம் திரும்பினார். "மனுதாரர் தன்ன ஒண்ணும் தெரியாத ஆளாக் காட்டிக்கறார். ஆனா இத எழுதினவரும் அவரேதான். யாரோ உதவினாங்கங்கறார், பேரச் சொல்ல மாட்டேங்கறார். அப்படி ஒரு ஆள் இருந்தாத்தானே சொல்றதுக்கு?"

நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். மூக்கைத் துடைத்தார். "நான் முழுக்கப் படிச்சேன். பன்னிரண்டு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், கட்டில் புகாரை மன்னர் ஜான்ல ஆரம்பிச்ச ஆள நான் பாத்ததில்ல. உழைப்பு தெரியுது. மிஸ்டர் ஹெம்முக்கு ரெண்டு விதமாவும் எழுத வரும் போலிருக்கு."

பெட்வேயின் காது சூடானது. உழைப்பு தெரியுது. பத்தொன்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. அது வந்தது, வந்த வேகத்தில் அவரைத் தாண்டிப் போய் ரூஃபஸ் ஹெம்மின் தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"இவனா?" என்றார்.

"சாட்சி கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லலாம்" என்றார் டன்லப்.

"இவனா எழுதினான்? ஜட்ஜம்மா, மன்னர் ஜான் யாருன்னு இவனுக்குத் தெரியுமான்னு கேளுங்க! கையெழுத்துப் போடறப்ப என்கிட்ட கேட்டான், ஜான் எந்த பிளாக்குன்னு!"

யாரோ சிரித்தார்கள். ரூஃபஸ் பாதி எழுந்தான். "வேணாம்யா. உக்காருங்க. உங்க வேலை போயிடும்."

"நீ சும்மா இரு! அது என்னோடது. பதினோரு பக்கமும் என்னோடது. அடிக்குறிப்பு உள்பட!"

டன்லப் பதினோரு பக்கத்தையும் மெதுவாக மேஜையில் வைத்தார், சூடான பாத்திரத்தை வைப்பதைப் போல. மிஸ் கோவால்சிக் அதற்குள் எழுந்துவிட்டார்.

"மிஸ்டர் பெட்வே, நீங்கதான் எழுதினீங்க, சரி. திரும்பி வந்த மஞ்சள் சீட்டு நூலகத்துக்கு வந்ததுன்னு பதிவேட்டில இருக்கு. அது யார் கைக்கு வந்தது?"

இப்போதுதான் பெட்வேக்குத் தான் நிற்கும் இடம் தெரிந்தது. இன்னும் ஒரு வழி இருந்தது. வந்தது, அன்றே ரூஃபஸிடம் கொடுத்தேன் என்று சொல்லிவிடலாம். வாக்குமூலமும் அதைத்தான் சொல்கிறது. அப்படிச் சொன்னால் இந்த வழக்கு இங்கேயே முடியும். தண்ணீர்த் தம்ளர், நீதிபதியின் மேற்கோள், கை கொடுக்கும் பெண் எல்லாமே முடிந்துபோகும். ரூஃபஸ் மேல்கட்டிலுக்குத் திரும்பிப் போய்ப் போர்வையை முறுக்குவான். பெட்வே தொடர்ந்து வக்கீலாகவே இருப்பார். அவர் ரூஃபஸைப் பார்த்தார். கண்ணாலாவது கெஞ்சுவான் என்று எதிர்பார்த்தார். அவன் பெட்வேக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் விஷயமே புரியவில்லை.

"அந்த இரண்டு பக்க விதி இருக்கே, ஜட்ஜம்மா" என்று ஆரம்பித்தார் பெட்வே, "அது செல்லாது. மூணு காரணம். முதல் காரணத்துல நாலு உட்பிரிவு. அதுக்கு நான் இருபத்தாறு பக்கம் பதில் தயார் பண்ணேன். தயார் பண்றதுக்குள்ள…"

"சுருக்கமா" என்றார் நீதிபதி.

"சுருக்கமான்னா, பின்னணி இல்லாம…"

"மிஸ்டர் பெட்வே. சீட்டு யார்கிட்ட இருந்தது? ஒரு வரி."

மூலையில் தட்டச்சுக்காரப் பெண் விரல்களைத் தூக்கியபடி காத்திருந்தாள். பெட்வே வாயைத் திறந்தார். உட்பிரிவுகள் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயின.

"என்கிட்டத்தான். வெக்கமா இருந்துச்சு. மெத்தைக்கடியில வெச்சுட்டேன்."

"மிஸ்டர் ஹெம்கிட்ட?"

"வரலைன்னு சொன்னேன்."

ரூஃபஸ் மெதுவாக உட்கார்ந்தான். அதன் பிறகு பெட்வேயைப் பார்க்கவில்லை.

நீதிபதி அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கைக்கே வராத சீட்டுக்கு ஒருவன் பதில் கொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. அரசின் ஆட்சேபம் தள்ளப்பட்டது. வழக்கு நடக்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றி டன்லப்பைப் பார்த்தார்.

"வழக்கு முடியற வரைக்கும் மிஸ்டர் ஹெம் கீழ்ப்படுக்கையில படுப்பார்னு நம்பறேன். இதுக்கு நான் தனியா உத்தரவு எழுதணுமா?"

"வேண்டியதில்ல, யுவர் ஆனர். நாங்களே பாத்துக்கறோம்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கே."

திரும்பும் வேனில் இருவரையும் ஒரே சங்கிலியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அறுவடை முடிந்த சோள வயல்கள் இரண்டு பக்கமும் மொட்டையாகக் கிடந்தன. முன்னாலிருந்த காவலர் திரும்பாமலே, நாளையிலிருந்து நூலகம் கிடையாது பெட்வே, தட்டு கழுவப் போ என்று சொன்னார். நாற்பது மைல் போயிற்று.

"ஆறு வாரம் தெனமும் வந்து கேட்டேன்" என்றான் ரூஃபஸ்.

"ஆமா."

"வரலைன்னீங்க."

"ஆமா."

பெட்வே மீதிக்காகக் காத்திருந்தார். அவராயிருந்தால் முன்னுரை, நிகழ்ந்தவை, துரோகத்தின் வகைகள் என்று கார்விக் வருகிற வரை போயிருக்கும். மீதி வரவில்லை.

"கோபமா, தம்பி?"

"ஆமா. எப்பப் போகும்னு தெரியாது. போனா சொல்றேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் சேர்க்க ஒன்றும் இல்லை என்பதுதான் பெட்வேயை அறுத்தது. துரோகம் செய்தது அவர். நல்ல வரி இவனுக்கு.

சமையலறையில் அவருக்கு ஜன்னலோரத் தொட்டி கிடைத்தது. சாப்பிட்டு முடித்தவர்கள் வரிசையாக வந்து தட்டை அந்த ஜன்னல் வழியே நீட்டுவார்கள். முதல் நாள் ரூஃபஸ் தட்டை நீட்டியபோது பெட்வே அவன் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கு" என்றான் ரூஃபஸ். போய்விட்டான்.

மறுநாளும் அதுவே. அதற்கு மறுநாளும். ஒரு நாளும் பேசாமல் போனதில்லை, ஒரு நாளும் அதற்கு மேல் பேசியதில்லை. அவன் கண்ணுக்குக் கீழே கருப்பு குறைந்துகொண்டு வந்தது. நன்றாகத் தூங்குகிறான் போலிருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் வரிசை நகரவில்லை. பெட்வே தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தார். கடைசி மேஜையில் ரூஃபஸ் உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒருத்தன் புகார்த்தாளோடு. அவனுக்குப் பின்னால் மூன்று பேர். கடைசியில் நிற்பது டூலி.

"என்னடா கூட்டம்?" என்று பெட்வே தட்டோடு வந்த ஒருவனிடம் கேட்டார்.

"ரூஃபஸ் எழுதிக் குடுக்கறான், பெருசு. எட்டு கோட்டுக்குள்ள முடிச்சுடறான். போன வாரம் மூணு பேரோடது பாஸாயிடுச்சு."

"அனுமதி இருக்கா?"

"வாங்கிட்டான். ரெண்டு வரி எழுதிக் கேட்டானாம், குடுத்துட்டாங்களாம்."

பத்தொன்பது வருஷத்தில் அந்த அனுமதியைக் கேட்க பெட்வேக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் நாற்பது பக்கமாவது ஆகியிருக்கும். நெஞ்சில் பழைய எரிச்சல் பழைய இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் இப்போது அவர் கண் புகார்த்தாள் மேல் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த அந்த முன்பின் தெரியாத ஆளின் மேல் இருந்தது. ரூஃபஸ் அவனிடம் என்னவோ கேட்டான், அவன் என்னவோ சொன்னான், ரூஃபஸ் சிரித்தான். அந்த நாற்காலியில் உட்கார பெட்வேக்கு ஆசையாக இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ரூஃபஸ் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தான்.

"இன்னும் இருக்கு" என்றான்.

"சரி" என்றார் பெட்வே. "நாளைக்கு வா."